குடையின் தன்வரலாறும் பிள்ளையின் தன்வரலாறும்: மலையக ஆரம்பப் பாடசாலைகளின் எழுத்துப் பயிற்சி பற்றிச் சில குறிப்புகள்

தமிழ்ப் பாடசாலைகளிலே கட்டுரை எழுதப் பயின்ற எவரும் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் குடையாகவோ நாணயமாகவோ ஆலமரமாகவோ இருந்திருப்பர். 'ஒரு பழைய குடையின் தன்வரலாறு', 'ஒரு ரூபாய் நாணயம் தன் கதை கூறுகிறது' என்பன போன்ற தலைப்புகள் பல தலைமுறைகளாக வகுப்பறைகளிலே வழங்கிவருகின்றன. கட்டுரைக் கைந்நூல்கள் 'தன்வரலாற்றுக் கட்டுரை' என்று வகைப்படுத்துவன பெரும்பாலும் இவற்றையே. தன் வரலாற்றைத் தானே எடுத்துரைக்கும் உரிமை இவ்வகைக் கட்டுரையிலே பொருள்களுக்கு உண்டு. அதனை எழுதும் பிள்ளைக்கு இல்லை. எட்டு வயதுப் பிள்ளையொன்று 'நான்' என்று எழுதத் தொடங்கும்போது அந்த 'நான்' ஒரு குடையாகவே இருக்க வேண்டியிருப்பது ஏன் என்ற வினாவை எமது இலக்கிய விமர்சனம் எழுப்பியது அரிது.

அச்சேறிய நூல்களை மாத்திரமே விமர்சனத்துக்கு உரியனவாகக் கொள்ளும் பழக்கம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின், பாடசாலைக் கொப்பியில் எழுதப்படும் பத்து வரியும் ஓர் எழுத்து வடிவமே. அதற்கும் மரபு உண்டு, விதிகள் உண்டு, யார் பேசலாம், எதைப் பேசலாம் என்ற வரையறைகளும் உண்டு. எம் மக்களுட் பெரும்பாலானோர் தம் வாழ்விலே எழுதும் ஒரே ஆக்கம் அதுவாகவே இருந்துவிடுகின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மலையகப் பிள்ளைகளை, அவர்களுள்ளும் ஆரம்பப் பிரிவிற் பயிலும் சிறு பிள்ளைகளை முன்னிறுத்தி அவ்வடிவத்தை இங்கு நோக்க விழைகிறோம்.

எமது சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்கலாம். வட்டகொடைப் பகுதியின் தோட்டப் பாடசாலையொன்றில் நாம் ஐந்தாந் தரம் பயின்ற காலத்திலே, பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும்பொருட்டுக் குடையின் தன்வரலாற்றை மனனஞ் செய்து எழுதினோம். தொழிற்சாலையிற் பிறந்து, கடையில் அழகுறத் தொங்கி, செல்வந்தர் ஒருவரால் வாங்கப்பட்டு, அவருக்கு வெயிலிலும் மழையிலும் உழைத்து, கம்பி முறிந்த பின் குப்பைமேட்டில் வீசப்பட்ட குடை அது. பத்துக்கு ஒன்பது புள்ளி கிடைத்ததாக நினைவு. அதை எழுதிய கிழமை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்தது. எம் தாய் இடுப்பிலே படங்கு கட்டி, பொலித்தீன் விரிப்பொன்றைத் தலையிற் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய் வந்தார். எமது காம்பராவிலே குடை இருந்ததில்லை. குடையாக இருந்து பேசுவதிலே எமக்கு எவ்விதச் சிரமமும் தோன்றாதிருந்ததும், கொங்காணியைப் பற்றி எழுதலாம் என்ற எண்ணமே எழாதிருந்ததும் இன்று நினைக்கையில் வியப்பைத் தருகின்றன. அன்று அவை இயல்பாகவே இருந்தன. கருத்துநிலை தொழிற்படும் முறையே அதுதான்.

'மூலதனம்' முதற் பாகத்தின் (1867) முதலாம் அத்தியாய இறுதியிலே, பண்டங்களுக்குப் பேச்சு வாய்த்தால் அவை எதைச் சொல்லும் என்று மார்க்ஸ் எள்ளலோடு கற்பனை செய்கிறார். மனிதருக்கிடையிலான உறவுகள் பொருள்களுக்கிடையிலான உறவுகளாகத் தோற்றம் பெறுவதை விளக்கிய பின்னரே இக்கற்பனை வருகின்றது. எமது பாடசாலைகளோ அதே கற்பனையை எள்ளல் நீக்கிப் பாடமாக்கிவிட்டன. குடை பேசுகிறது, அதனைத் தைத்தவர் பேசுவதில்லை. நாணயம் கைமாறிய கதையைச் சொல்கிறது. அக்கை எவ்வாறு அதைச் சம்பாதித்தது என்பது கதைக்குள் வருவதில்லை. இன்னுமொன்றையும் கவனித்தல் வேண்டும். இக்கட்டுரைகளிலே பேசும் பொருள்கள் யாவும் நல்ல பணியாளர்கள். பிறருக்காக உழைத்துத் தேய்வதே தமக்குப் பெருமை என்று கூறி முடிப்பது அவற்றின் வழக்கம். உடைந்தபின் வீசியவர்மீது அவற்றுக்குக் கோபம் இல்லை. தோட்டத் தொழிலாளியின் பிள்ளை தன் பாட்டியின் வாழ்க்கையையே குடையின் பெயரில் எழுதி, அவ்வாழ்க்கை நியாயமானதே என்று கையொப்பமிட்டுக் கொடுக்கிறது என்றுகூடச் சொல்லலாம். இவ்வாறு கூறுவதால் குழந்தைகள் மரமாகவும் மழையாகவும் கற்பனை செய்து விளையாடலாகாது என்பது எம் கருத்தன்று. அவ்விளையாட்டு அவர்களுக்கு உரியதே. அது ஒன்றே 'தன்வரலாறு' என்று பெயர்பெற்று, பிள்ளையின் உண்மையான தன்வரலாற்றின் இடத்தைக் கைப்பற்றிக்கொண்டமையே எமது பிரச்சினை.

பிள்ளை தன் சொந்தப் பெயரிலேயே பேசும் தலைப்புகளும் இல்லாமலில்லை. 'எனது வீடு', 'எனது விடுமுறையைக் கழித்த விதம்', 'நான் சென்ற சுற்றுலா' முதலியன அத்தகையவை. ஆனால் அங்கே வரும் 'நான்' இரவல் வாங்கப்பட்ட 'நான்'. கைந்நூலின் வீட்டுக்கு முன்புறத்தே பூந்தோட்டமும் உள்ளே வரவேற்பறையும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே இருந்துகொண்டு பிள்ளை அவ்வீட்டை எழுதுகிறது. விடுமுறையிலே கைந்நூலின் பிள்ளை பேராதனைப் பூங்காவுக்குப் போகிறது. எழுதும் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு பீலியடியிலே தண்ணீருக்கு நிற்கிறது, விறகு பொறுக்குகிறது, கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் தாய்க்கு மலையிலே உதவிசெய்கிறது. இரண்டாவதை எழுதினால் தவறென்று எவரும் சட்டமியற்றவில்லை. எழுதத் தக்கது முதலாவதே என்பதைப் பிள்ளை தானாகவே அறிந்துகொள்கிறது. இங்ஙனம் பொய் சொல்வதையே எழுத்து என்று எட்டு வயதிற் கற்றுக்கொண்டவர் வளர்ந்தபின் உண்மையை எழுதுவார் என எதிர்பார்ப்பது எவ்வளவு பொருந்தும்?

இந்நிலைமைக்கு ஆசிரியரை மாத்திரம் குறைகூறுவது நேர்மையாகாது. தோட்டப் பிள்ளைகளின் ஆரம்பக் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். துரையின் தயவில் நடந்த ஓராசிரியர் பாடசாலையிலே பெயரெழுதவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தாற் போதும் என்பதே குறிக்கோளாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அப்பேரோட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த நிலச்சீர்திருத்தங்களையடுத்து, குறிப்பாக 1977க்குப் பின்னரே, அவை பெருந்தொகையாக அரசாங்கத்தின்கீழ் வந்தன. கட்டடங்களும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் அதன் பின்னரே வந்துசேர்ந்தமை கண்கூடு. ஆயின் கட்டடம் வந்த வேகத்தில் கட்டுரைத் தலைப்பு மாறவில்லை.

எழுத்திலே தம்மைப் பற்றிக் கூறுவதற்கு இம்மக்கள் கொண்ட தயக்கத்துக்குப் பிறிதொரு வரலாறும் உண்டு. அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை எழுத்திலே கேட்டவர்கள் நெடுங்காலம் அதிகாரிகளாகவே இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டோர், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தபோது, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழாண்டுகளும் மணமாகாதவராயின் பத்தாண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைச் சான்றுகாட்டி நிறுவ வேண்டியிருந்தது. எங்கே பிறந்தேன், எந்தத் தோட்டத்திற் பேர் பதிந்தேன், எப்போது இந்தியா போய் எப்போது மீண்டேன் என்பனவே கேட்கப்பட்ட 'தன்வரலாறு'. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பாக விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே பதியப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003ஆம் ஆண்டின் சட்டமே நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு வழிசெய்தது. ஊருக்குப் போய் வந்த ஒரு பயணத்தைச் சொல்லியதனாலேயே உரிமையை இழக்கக்கூடும் என்ற அச்சத்தில் வாழ்ந்த குடும்பங்களிலே, எழுத்தில் 'நான்' என்று கூறுவது எழுத்தாளனின் இன்பமாக அன்றி, சாட்சிக் கூண்டின் பதற்றமாகவே அனுபவிக்கப்பட்டிருக்கும்.

வாய்மொழியிலே நிலைமை முற்றிலும் வேறு. லயத்திலே இழவு விழுந்தால் ஒப்பாரி சொல்லும் பெண் இறந்தவரைப் பற்றி மட்டும் பாடுவதில்லை. அவரை விளித்துத் தன் கதையையே கூறுகிறாள். பிறந்த வீடு, வாக்கப்பட்ட தோட்டம், இழந்த பிள்ளைகள், கங்காணியின் ஏச்சு எல்லாம் அவளுடைய 'நானி'லே வந்து நிற்கின்றன. எழுத்தறியாத அவளுக்குத் தன்கூற்று கைவந்த கலை. எழுதக் கற்ற அவளுடைய பேத்திக்கு அது கைவராதிருக்கிறது. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இற் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இவ்வாய்மொழிச் செல்வத்தின் பெறுமதியை நன்கு அறிந்திருந்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்றப் பிரதிநிதியாகி, மறு ஆண்டே தம்மைத் தெரிவுசெய்த மக்கள் நாடற்றவராவதைக் கண்ணாரக் கண்டவர் அவர். தோட்டத்து மாந்தரைச் சொற்சித்திரங்களாக ஆங்கிலத்தில் எழுதிய அவர், இறப்பதற்கு முந்திய ஆண்டில், 1983இல், 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (1980) முதலிய தொகுதிகள் வாயிலாகக் கொழுந்தெடுக்கும் பெண்ணும் தமிழ்ச் சிறுகதையில் உரிய இடம் பெற்றாள். மலையக எழுத்தாளருட் பலர் ஆசிரியராகவும் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. மாலையில் லயத்து வாழ்க்கையை யதார்த்தமாகச் சிறுகதையில் வடித்தவரும், காலையிலே கரும்பலகையில் குடையின் தன்வரலாற்றை எழுதிப்போட்டிருக்கலாம். பரீட்சை அவரிடம் கேட்டது அதனைத்தானே.

சிறு பிள்ளைகள் தம் வாழ்க்கையை எழுதக்கூடியவர்களா என்ற ஐயம் புதியதன்று. யாஸ்னயா பொல்யானாவிலே தம் பண்ணைக் குடியானவரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய தோல்ஸ்தோய், எழுதக் கற்பிக்க வேண்டியவர் யார், கற்க வேண்டியவர் யார் என்ற வினாவை 1862இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். பழமொழியொன்றைக் கொடுத்து அதன்மீது கதை எழுதுமாறு பிள்ளைகளைக் கேட்டபோது முதலில் ஒன்றும் நிகழவில்லை. அவர் தாமே எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அப்படியன்று, இப்படித்தான் நடக்கும் என்று திருத்தலாயினர். அயலான் அவசரத்திலே பெண்ணின் கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு வந்தான் என்ற ஒரு சிறு விவரத்தை ஒரு சிறுவன் சொல்ல, தோல்ஸ்தோய் மலைத்துப்போனார். அதே சிறுவன் பின்னர், குடும்பத் தலைவன் படைக்குப் பிடிக்கப்பட்டபின் வீட்டில் நடந்தவற்றைத் தன்மைக் கூற்றில் கதையாக்கினான். இவ்வியப்பிலே நிலப்பிரபுவின் கழிவிரக்கமும், குடியானவனைக் கறைபடாத தூயவனாகக் காணும் மயக்கமும் கலந்துள்ளன என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் அவர் கண்டுபிடித்த முறை கவனத்துக்குரியது. பிள்ளை வெறுமையிலிருந்து எழுதத் தொடங்குவதில்லை. ஒருவர் தவறாகச் சொல்வதைத் திருத்துவதிலிருந்தே எழுதத் தொடங்குகிறது.

இதனை நாம் வட்டகொடையிலே நேரிற் கண்டோம். அப்பகுதிப் பாடசாலையொன்றில் நண்பரொருவர் கற்பிக்கும் மூன்றாந் தர வகுப்பிலே சில நாட்கள் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ஆய்வு என்று கூறத்தக்க எதனையும் நாம் நடத்தவில்லை. 'நேற்று நடந்த ஒன்றை எழுதுங்கள்' என்று கேட்டவுடன் வகுப்பு அசையாதிருந்தது. "என்னா சேர் எழுதுறது?" என்று ஒரு குரல். "போர்டுல எழுதிப் போடுங்க சேர்" என்று இன்னொரு குரல். எழுத்துமொழி கேட்போர் இல்லாத பேச்சு என்றும், ஆதலால் அதற்கான தூண்டுதல் பிள்ளையிடம் இயல்பாக இராது என்றும் வைகொட்ஸ்கி 1934இல் வெளிவந்த தம் நூலிலே விளக்குவார். கேட்போரை உண்டாக்குவதே ஆசிரியரின் முதற் பணி என்று அதிலிருந்து நாம் உய்த்துணரலாம். நண்பர் கொப்பிகளை மூடச் சொன்னார். இருவர் இருவராக இருந்து, ஒருவர் மற்றவருக்குக் கதை சொல்ல வேண்டும். கேட்டவர் எழுந்து அதை வகுப்புக்குச் சொல்ல வேண்டும். கேட்டவர் தப்பாகச் சொல்லச் சொல்ல, சொன்னவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்று திருத்தினார். வகுப்பறை சந்தையாயிற்று. எழுத்து அதன் பிறகே வந்தது.

ஒரு சிறுமியின் கொப்பியை மட்டும் இங்கு விரிவாக எடுத்துக்கொள்வோம். தேயிலை நாட்டுக்கு வருமானம் தரும் பயிர், கொழுந்து பறிப்பது சிறந்த தொழில் என்ற இரண்டு வசனங்களே அவள் முதலில் எழுதியவை. இரண்டும் பாடநூலின் வசனங்கள். இரண்டிலும் எழுத்துப்பிழை இல்லை. நண்பர் அவற்றைத் திருத்தவுமில்லை, பாராட்டவுமில்லை. "நீ எங்க நின்ன?" என்று கேட்டார். நிறுவை மடுவத்துக்குப் பக்கத்திலே என்றாள். யாரோடு? அம்மாயியோடு. தராசு எதிலே நின்றது? பதினெட்டிலே. எழுதியது எவ்வளவு? பதினாறு. ஏன்? கூடைக்கும் ஈரத்துக்கும் இரண்டு கழித்தார்களாம். பிறகு? அன்றைக்கு அம்மாயிக்கு அரைப்பேர். வீட்டுக்கு வரும் வழியிலே அம்மாயி பேசவேயில்லை. வந்ததும் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் இஸ்தோப்பிலே உட்கார்ந்துவிட்டார். இவ்வளவையும் அவள் மறுநாள் ஒன்பது வசனங்களில் எழுதினாள். பிழைகள் மலிந்த ஒன்பது வசனங்கள்.

எது நிகழ்ந்தது இங்கே? மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் நாவலாசிரியைக்கு 1888இல் எழுதிய கடிதத்திலே, யதார்த்தவாதம் என்பது விவரங்களின் உண்மையோடு நில்லாது, வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான மாந்தரைச் சித்திரிப்பதாகும் என்ற கருத்தை ஏங்கல்ஸ் முன்வைத்தார். எட்டு வயதுச் சிறுமிக்கு இக்கோட்பாட்டை ஏற்றிவைப்பது நகைப்புக்கிடமாகலாம். ஆயினும் பதினெட்டுக்கும் பதினாறுக்கும் இடையிலுள்ள இரண்டு கிலோவைக் கண்ட அவளுடைய கண், தோட்டத்தின் உற்பத்தி உறவு முழுவதும் முடிச்சிடப்பட்டுள்ள இடத்தையே தொட்டுவிட்டது. அவளுக்குச் சுரண்டல் என்ற சொல் தெரியாது. அச்சொல்லை ஆசிரியர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவளும் அதனைத் தேயிலை வருமானத்தைப் போலவே பிழையின்றி எழுதியிருப்பாள், தராசை எழுதியிருக்கமாட்டாள். முற்போக்கு எண்ணங் கொண்ட ஆசிரியருட் சிலர் தவறும் இடம் இதுவே. முதலாளியின் சுலோகத்தை எடுத்துவிட்டுத் தொழிலாளியின் சுலோகத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவதனாற் பிள்ளையின் நிலை மாறிவிடுவதில்லை. இரண்டிலும் அது பார்த்தெழுதவே செய்கிறது.

அடுத்து எழுவது மொழிப் பிரச்சினை. அச்சிறுமி 'அம்மாயி', 'காம்பரா', 'இஸ்தோப்பு', 'அரைப்பேர்' என்றே எழுதியிருந்தாள். சிவப்புப் பேனா அவற்றை 'பாட்டி', 'அறை', 'விறாந்தை', 'அரைநாட் சம்பளம்' என மாற்றத் துடிக்கும். 1960களின் தொடக்கத்திலே ஈழத்துத் தமிழிலக்கிய உலகிலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், படைப்பிலே பேச்சுமொழியைக் கையாண்டோர் மீது 'இழிசனர் வழக்கு' என்ற பழிச்சொல் வீசப்பட்டமை வாசகர் அறிந்ததே. அப்போராட்டத்தில் எழுத்தாளர் வென்றனர். பாடசாலைப் பிள்ளை இன்னும் வெல்லவில்லை. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' தன்வரலாற்றுக்குத் தன் ஊர்ப்பேச்சையே மொழியாகக் கொண்டபின், பல்கலைக்கழகங்கள் அதனைப் பாடமாக்கின. அதே மொழிநிலையை மூன்றாந் தரக் கொப்பியிலே காணும்போது நாம் பிழை என்கிறோம். அரைப்பேர் அரைநாட் சம்பளம் மாத்திரமன்று. பேர் பாதியாகிப்போகும் அவமானமும் அச்சொல்லில் அடங்கியுள்ளது. வேறு சொல்லிட்டால் பொருள் மாறிவிடும்.

எனினும் இதிலே மறுதலைத் தவறும் உண்டு. பேச்சுமொழியே பிள்ளைக்குப் போதும் என்று விட்டுவிடுவது, பொதுத்தமிழை வசதிபடைத்தோரின் தனியுடைமையாக்குவதாகும். பரீட்சையும் உத்தியோகமும் நீதிமன்றமும் அம்மொழியிலேயே நடைபெறுகின்றன. அம்மாயி சொன்னது அம்மாயியின் வாய்மொழியிலேயே இருக்கட்டும். பெயர்ச்சொற்கள் அவ்வவ்விடத்துப் பெயர்களாகவே இருக்கட்டும். நடந்ததை எடுத்துரைக்கும் வசனங்களைப் படிப்படியாகப் பொதுத்தமிழை நோக்கிக் கொண்டுசெல்லலாம் என்பது எமது நிலைப்பாடு. எழுத்துப்பிழை திருத்தும் வேளை மூன்றாவது வாசிப்பிலே வந்தாற் போதும். முதல் வாசிப்பிலே அது வந்தால், அடுத்த முறை அச்சிறுமி பிழையற்ற இரண்டு வசனங்களுக்கே திரும்பிப்போவாள்.

மார்க்ஸியர் சிலர் வேறொரு கோணத்தில் ஆட்சேபிக்கலாம். தனிமனித அனுபவத்தை எழுதப் பழக்குவது பூர்ஷ்வாத் தனிமனிதவாதத்தை வளர்க்காதா என்பது அவ்வாட்சேபம். இதனை எளிதிற் புறந்தள்ள முடியாது. ஐக்கிய அமெரிக்காவிலே டொனால்ட் கிரேவ்ஸ் 1983இல் வெளியிட்ட நூலின் வழி பரவிய எழுத்துக் கற்பித்தல் முறை, தலைப்பைத் தேரும் உரிமையைப் பிள்ளையிடமே ஒப்படைத்தது. அது பெரும் பேறுதான். ஆயின் அதனைப் பின்பற்றுவோரிடத்தே அனுபவம் ஒவ்வொருவருக்குமான தனிச்சொத்து என்ற தொனி சில வேளைகளிற் கேட்கிறது. இதற்கு மாறாக, இத்தாலியின் மலைக் கிராமமாகிய பார்பியானாவில் பாதிரியார் லோரென்ஸோ மிலானியின் பாடசாலை மாணவர் எண்மர் சேர்ந்து, தம்மைத் தேர்விலே தவறச் செய்த ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967இல் நூலாயிற்று. துண்டுத்தாள்களிலே ஒவ்வொருவரும் குறித்தவற்றை ஒன்றுசேர்த்து, அடுக்கி, மிகையானதை நீக்கி எழுதப்பட்ட கூட்டு ஆக்கம் அது. வட்டகொடை வகுப்பிலும் பிள்ளைகள் 'நான்' என்பதைவிட 'நாங்க' என்றே மிகுதியாகக் கூறினர். லய வாழ்க்கையின் இயல்பு அது. சுவருக்கு அப்பாலிருந்து வரும் இருமல்கூடப் பொதுச்சொத்து. அந்த 'நாங்க'விலிருந்து 'நான்' பிரிந்து வரும்போது அது தனித்துப்போவதில்லை, தன் இடத்தை இனங்காண்கிறது. அம்மாயியின் பக்கத்திலே நின்ற 'நான்' அது.

எம்மை உண்மையிலேயே கலங்கச் செய்யும் ஆட்சேபம் வேறு. தோட்டப் பிள்ளையின் துயரக் கதைக்கு இன்று ஒரு சந்தை தோன்றியுள்ளது. உதவி நிறுவனங்களின் அறிக்கைக்கும், சுவரொட்டிக்கும், விழா மேடைக்கும் அக்கதை வேண்டப்படுகிறது. பேசாத குடையை எழுதிய பிள்ளை, இனித் தன் பசியை அழகாக எழுதினாற் பரிசு பெறலாம் என்று கற்றுக்கொள்ளக்கூடும். பண்டம் பேசிய இடத்திலே பிள்ளையே பண்டமாகிவிடும். இதனினும் நுண்மையான அபாயம் வகுப்பறைக்குள்ளேயே உண்டு. அதே மூன்றாந் தரத்திலே ஒரு சிறுவன், தகப்பனார் குடித்துவிட்டு வந்த இரவைப் பற்றி நான்கு வசனம் எழுதிப் பின்னர் அழித்திருந்தான். அழித்த தடத்தின் மேலே தெரிந்த சொற்களை நாம் வாசித்துவிட்டோம், வாசித்திருக்கக் கூடாது. அவன் இறுதியாகக் கொடுத்தது கால்பந்து விளையாட்டைப் பற்றிய ஒரு பக்கம். நண்பர் அதையே வாங்கிக்கொண்டு, யார் கோல் போட்டது என்று கேட்டார். எழுதாதிருக்கும் உரிமையும் எழுத்துக் கல்வியின் ஒரு பகுதியே. அதிகாரிகள் கேட்டதற்கெல்லாம் விடைகூறியாக வேண்டியிருந்த ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு, கேட்பவரிடம் ஒன்றை மறைத்துவைக்கலாம் என்று தெரிவது சிறிய விடயமன்று.

நடைமுறைத் தடைகளைச் சுருங்கக் கூறலாம். 1990களின் இறுதியிலே ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது பிள்ளையின் சுற்றாடலைக் கல்வியின் ஊற்றாகக் கொள்ளும் நோக்கு ஏட்டிலே இடம்பெற்றது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழலோ மூன்றாந் தரத்திலேயே விழுந்துவிடுகிறது. பெற்றோர் அப்பரீட்சையைத் தோட்டத்துக்கு வெளியே செல்லும் வாயிலாகக் காண்பதிலே நியாயம் உண்டு. ஆதலால் மனனக் கட்டுரையை விட்டுவிடுமாறு ஆசிரியரை வற்புறுத்துவது எளிதன்று. கிழமைக்கு ஒரு பாடவேளையை மீட்டெடுத்தால் தொடங்கலாம் என்பது நண்பரின் கணிப்பு. பிரான்சிலே செலஸ்தேன் பிரெனே 1924இல் தம் கிராமப் பாடசாலைக்குள் ஒரு சிறு அச்சுப்பொறியைக் கொணர்ந்து பிள்ளைகளின் எழுத்தைப் பிள்ளைகளைக் கொண்டே அச்சிடுவித்தார். 1926 முதல் தூரத்துப் பிரித்தானிப் பகுதிப் பாடசாலையொன்றின் பிள்ளைகளோடு அவற்றைப் பரிமாறச் செய்தார். கடலோரப் பிள்ளைகள் மலைப் பிள்ளைகளுக்கு எழுதினர். வட்டகொடைப் பிள்ளையின் நிறுவை மடுவத்தை வடமராட்சி மீனவரின் பிள்ளை வாசிப்பதற்கு இன்று அச்சுப்பொறிகூட வேண்டியதில்லை. புள்ளியிடாத வாசகர் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

அச்சிறுமிக்கு அத்தகைய வாசகர் வீட்டிலேயே இருந்தார். தாம் எழுதியதை வீட்டிலே ஒருவருக்கு வாசித்துக் காட்டும்படி நண்பர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார். எழுத்தறியாத அம்மாயி இஸ்தோப்பிலே இருந்து ஒன்பது வசனங்களையும் கேட்டிருக்கிறார். மறுநாள் கொப்பி வந்தபோது ஓரிடத்திலே அழிப்பானால் தேய்த்துத் தாள் கிழிந்திருந்தது. தராசு நின்றது பதினெட்டிலே அல்ல, பத்தொன்பதிலே என்று அம்மாயி சொல்லிவிட்டாராம். சரியாக எழுதச் சொன்னாராம். சிறுமி பத்தொன்பது என்று எழுதி, அதன்கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தாள்.